கோபுரம் தெரிகிற ஜன்னல்

கண்டி ஒரு கிண்ணம். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 500 மீற்றர் உயரத்தில், மலைகள் சுற்றி நிற்க, அடியில் வாவியும் தலதா மாளிகையும் கடைத்தெருவும் கிடக்கிற கிண்ணம். இப்படி அமைந்த ஊரில் வானொலி அலைக்கு மேட்டில்தான் இடம். ஆகவே கோபுரங்கள் ஹந்தானைத் தொடரிலும் ஊரைச் சூழ்ந்த சரிவுகளிலும் ஏறி நிற்கின்றன. சமவெளி ஊர்களில் கோபுரம் தலைக்கு மேலே எங்கேயோ இருக்கும். நிமிர்ந்து பார்த்தால்தான் உண்டு. கண்டியிலோ ஒரு சரிவில் கட்டிய வீட்டுக்கு எதிர்ச்சரிவின் கோபுரம் கண் மட்டத்தில், படுக்கையறை ஜன்னலுக்கு நேரே நிற்கும். இரவில் அதன் சிவப்பு விளக்கு திரைச்சீலையையும் தாண்டித் தெரியும். தூக்கம் வராத ஒருவருக்கு அந்த இருட்டில் பார்க்க வேறெதுவும் இல்லை. அந்த ஜன்னல் வழியாக இரண்டு விஷயங்கள் உள்ளே வருகின்றன. ஒன்று, கோபுரம் அனுப்பும் அலை. மற்றது, கோபுரத்தின் காட்சியும் அதைப் பற்றி எங்கோ படித்த, யாரோ சொன்ன எச்சரிக்கையும். தலைவலியும் தூக்கமின்மையும் இவற்றில் எதனால் வருகின்றன என்பது ஊகித்துத் தீர்க்கவேண்டிய கேள்வி இல்லை. இரண்டையும் பிரித்து அளந்து பார்த்திருக்கிறார்கள்.

முதலில் அலையைப் பார்ப்போம். கோபுரத்தில் தொங்கும் ஓர் ஆன்டெனா 20 வாட் சக்தியை வெளிவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். பழைய குமிழ் மின்விளக்கு ஒன்று எரிய இதைவிட அதிகம் வேண்டும். ஆன்டெனா அந்தச் சக்தியை நாற்புறமும் இறைப்பதில்லை. டோர்ச் விளக்கின் கிண்ணம் போல ஒரு பக்கமாகக் குவிக்கிறது. அந்தக் குவிப்பு 50 மடங்கு என்றால், கற்றைக்கு நேர் எதிரே இருப்பவருக்கு அது 1,000 வாட் விளக்குக்குச் சமம். கண்டியின் சரிவு வீடுகள் சில, சமவெளி வீடுகளைப் போலக் கற்றைக்குக் கீழே ஒதுங்கி நில்லாமல், அதன் நேர் வழியிலேயே அமையக்கூடும் என்பது உண்மை. அதனால் மிக மோசமான நிலையையே எடுத்துக்கொள்வோம்: வீடு கற்றையின் நட்டநடுவில், 100 மீற்றர் தூரத்தில் இருக்கிறது. அந்தச் சக்தி அவ்வளவு தூரம் விரிந்து பரவியபின் ஒரு சதுர மீற்றருக்கு வந்து சேர்வது ஏறத்தாழ 8 மில்லிவாட். தூரம் இரட்டித்தால் இதுவும் நாலில் ஒன்றாகிவிடும். அயனாக்காக் கதிர்வீச்சுப் பாதுகாப்புக்கான சர்வதேச ஆணைக்குழு 900 மெகாஹேர்ட்ஸ் அலைக்குப் பொதுமக்களுக்கென வகுத்த வரம்பு சதுர மீற்றருக்கு 4.5 வாட். நமது கணக்கு அதில் ஐந்நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவு. ஒரு கோபுரத்தில் பல நிறுவனங்களின் ஆன்டெனாக்கள் இருக்குமே என்றால், பத்தால் பெருக்கிக்கொள்ளலாம். அப்போதும் நூற்றுக்கு இரண்டைத் தொடாது. வரம்பு என்பதும் ஆபத்தின் விளிம்பில் போட்ட கோடு கிடையாது. உடல் சூடேறிப் பாதிப்பு தொடங்கக்கூடிய அளவைக் கண்டு, அதிலிருந்து 50 மடங்கு கீழே இறக்கிப் போட்ட கோடு. உலகின் பல இடங்களில் எடுத்த அளவீடுகளைத் தொகுத்து உலக சுகாதார நிறுவனம் 2006இல் சொன்னதும் இந்தக் கணக்கோடு ஒத்துப்போகிறது: பொதுமக்கள் நடமாடும் இடங்களில் கோபுர அலைகள் சர்வதேச வரம்பின் 0.002 முதல் 2 சதவீதம் வரை.

இனி, ஜன்னல் வழியாக வரும் மற்ற விஷயம். 2011இல் வெளியான நெதர்லாந்து ஆய்வு ஒன்று 3,611 பேரிடம் தலைவலி, களைப்பு, தலைச்சுற்று போன்ற தொல்லைகளைக் கேட்டறிந்தது. அவர்கள் வீட்டுக்கும் அருகிலுள்ள கோபுரத்துக்கும் இடையிலான உண்மைத் தூரத்தை வரைபடத்தில் கணித்தது. கோபுரம் எவ்வளவு கிட்ட இருப்பதாக அவர்கள் நினைக்கிறார்கள் என்பதையும் தனியே கேட்டது. உண்மைத் தூரத்துக்கும் தொல்லைகளுக்கும் தொடர்பு தென்படவில்லை. நினைத்த தூரத்துக்கு இருந்தது. கோபுரம் பக்கத்தில் இருக்கிறது என்று நம்பியவர்கள் அதிகம் நோகிறார்கள். தன் சூழலில் தனக்கு ஒரு பிடியும் இல்லை என்று உணர்ந்தவர்கள் இன்னும் அதிகம் நோகிறார்கள். இந்த இரண்டாவது முடிவை வாசகர் மனதில் வைத்திருக்க வேண்டும். கடைசியில் அது தேவைப்படும். ஜேர்மனியில் இன்னும் நெருங்கிப் போனார்கள். 2009இல் வெளியான ஆய்வில் 1,326 பேரின் படுக்கையறைக்குள்ளேயே கருவியை வைத்து அலையை அளந்தார்கள். அளந்த அலைக்கும் தூக்கக் குறைவுக்கும் தலைவலிக்கும் தொடர்பு கிடைக்கவில்லை. ஆனால் தம் உடல்நலக் குறைவுக்குக் கோபுரமே காரணம் என்று சொன்னவர்களிடம் தூக்கமின்மையும் தலைவலியும் உண்மையாகவே கூடுதலாக இருந்தன.

மின்காந்த அலை தமக்கு ஒத்துக்கொள்வதில்லை என்று உறுதியாகச் சொல்பவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். அவர்களில் சிலர் வேலையை விட்டிருக்கிறார்கள், வீடு மாறியிருக்கிறார்கள். இவர்களை அலட்சியமாகப் பேசுவது தவறு. விஞ்ஞானமும் இவர்களை அலட்சியப்படுத்தவில்லை. ஆய்வுகூடத்தில் உட்காரவைத்து, அலை இருக்கிறதா இல்லையா என்பது அவர்களுக்கும் தெரியாமல், பக்கத்தில் நிற்கும் ஆய்வாளருக்கும் தெரியாமல், மாற்றி மாற்றிச் செலுத்திப் பார்க்கும் சோதனைகள் இருபது ஆண்டுகளுக்கு மேலாக நடந்தன. லண்டன் கிங்ஸ் கல்லூரியின் ஜேம்ஸ் ரூபினும் அவரது குழுவினரும் 2010 வரையிலான 46 சோதனைகளை, மொத்தம் 1,175 பேரின் அனுபவத்தை, ஒன்றாக்கிப் பார்த்தார்கள். அலை இருக்கும்போது தலை வலித்தது. இல்லாதபோதும் அதே அளவு வலித்தது. இருக்கிறது என்று நம்பினால் போதும், வலி வந்தது. உலக சுகாதார நிறுவனம் 2005இலேயே இதைக் கவனமான சொற்களில் எழுதியது: தொல்லைகள் உண்மையானவை, சிலரை முடக்கிப் போடும் அளவுக்குக் கடுமையானவை, ஆனால் அவற்றை மின்காந்த அலையோடு இணைக்க விஞ்ஞான அடிப்படை இல்லை. இந்த வாக்கியத்தின் முதற்பாதியைக் கோபுர நிறுவனங்கள் மறந்துவிடுகின்றன. இரண்டாம் பாதியைக் கோபுர எதிர்ப்பாளர்கள் மறந்துவிடுகிறார்கள். இரண்டையும் சேர்த்துப் பிடித்தால்தான் அடுத்த கேள்வியே எழும்: அலை காரணம் இல்லையென்றால், அந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது?

2007 மே மாதம் பிபிசி தொலைக்காட்சியின் பனோரமா நிகழ்ச்சி வைஃபை பற்றி ஓர் எச்சரிக்கைப் படத்தை ஒளிபரப்பியது. அது பார்வையாளரைத் தவறான எண்ணத்துக்கு இட்டுச் சென்றது என்று பிபிசியின் சொந்த முறைப்பாட்டுப் பிரிவே பின்னர் முடிவு செய்தது. ஆனால் படம் ஆய்வாளர்களுக்குப் பயன்பட்டது. மைக்கேல் விட்ஹொஃப்ட் என்ற ஜேர்மன் உளவியலாளரும் ரூபினும் 147 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு அந்தப் படத்தின் பகுதியைக் காட்டினார்கள். மறு பாதிக்கு, இணையத்திலும் கைத்தொலைபேசியிலும் தரவுகளைப் பாதுகாப்பது பற்றிய சாதாரணப் படம். பிறகு எல்லோருக்கும் 15 நிமிடம் வைஃபை அலை செலுத்தப்போவதாகச் சொன்னார்கள். செலுத்தியது ஒன்றுமில்லை. அந்த ஒன்றுமில்லாத 15 நிமிடத்தில் 54 சதவீதமானவர்கள் தமக்கு ஏதோ செய்ததாகச் சொன்னார்கள். படபடப்பு, கவனம் சிதறல், விரலிலும் கையிலும் காலிலும் சுருசுருப்பு. இருவர் தாங்க முடியாமல் பாதியிலேயே எழுந்து போய்விட்டார்கள். எச்சரிக்கைப் படம் எல்லோரையும் ஒரே அளவில் தாக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அலை பற்றிய கவலையை அது பொதுவாகவே கூட்டியது. உடல்நோவாக அந்தக் கவலை இறங்கியது, ஏற்கனவே பதற்றம் மிகுந்த சுபாவம் உள்ளவர்களிடம்தான். 2017இல் விட்ஹொஃப்ட் பங்குகொண்ட இன்னொரு குழு இதே சோதனையை வேறு விதமாகச் செய்தது. 65 பேர், பாதிப் பேருக்கு எச்சரிக்கைப் படம், பிறகு தோலில் மெல்லிய தூண்டல்கள், அவற்றில் சில மட்டும் பொய் வைஃபையோடு. எச்சரிக்கைப் படம் பார்த்தவர்கள், பொய் வைஃபை ஓடியபோது அதே தூண்டலைக் கூடுதலாக உணர்ந்தார்கள். இங்கே கேட்டது "உங்களுக்கு என்ன செய்கிறது" என்ற பொதுக் கேள்வி இல்லை. தோலில் பட்ட ஒரு தொடுகையின் வலிமையை மதிப்பிடச் சொன்னார்கள். ஒரு படம் அந்த மதிப்பீட்டையே மாற்றிவிட்டது.

இது எப்படி நடக்கிறது என்பதைப் புரிந்துகொள்ள மாயம் எதுவும் தேவையில்லை. நியூசிலாந்தில் 1,000 பேரிடம் கடந்த ஏழு நாளில் உடலில் என்னென்ன தொல்லை இருந்தது என்று தொலைபேசியில் கேட்டார்கள். 89 சதவீதமானவர்களுக்கு ஏதாவது ஒன்றாவது இருந்தது. நடுத்தரமான ஒருவருக்கு ஐந்து. முதுகு வலி, களைப்பு, தலைவலி ஆகிய மூன்றும் ஒவ்வொன்றும் மூன்றிலொருவருக்கு மேல் இருந்தன. அதாவது உடம்பு எப்போதுமே ஏதாவது சொல்லிக்கொண்டுதான் இருக்கிறது. நாம் கேட்டும் கேளாமலும் கடந்துபோகிறோம். "கோபுரக் கதிர்வீச்சால் தலைவலியும் தூக்கமின்மையும் வரும்" என்று ஒருவர் சொன்னதும் இரண்டு மாற்றங்கள் நிகழ்கின்றன. நேற்று வரை பெயரில்லாமல் வந்துபோன தலைவலிக்கு இன்று ஒரு பெயரும் முகவரியும் கிடைக்கின்றன. அடுத்த தலைவலி எப்போது வரும் என்று உடம்பை உற்றுக் கவனிக்கத் தொடங்குகிறோம், உற்றுக் கவனித்த இடம் நோகத் தொடங்குகிறது. மூன்றாவதும் உண்டு: பயமே உடலில் வேலை செய்கிறது. வலிக்கும் என்ற எதிர்பார்ப்பு மூளையில் கொலிசிஸ்டோகினின் என்ற வேதிப்பொருளின் வழியாக வலியைக் கூட்டுகிறது என்றும், அதைத் தடுக்கும் மருந்தைக் கொடுத்தால் அந்தக் கூடுதல் வலி அடங்குகிறது என்றும் இத்தாலியின் டூரின் நகரில் ஃபாப்ரிசியோ பெனடெட்டி காட்டினார். மருந்தால் தடுக்கக்கூடிய ஒன்றை "வெறும் மனப்பிரமை" என்று தள்ள முடியாது. மருத்துவம் இதற்கு நொசீபோ என்று பெயர் வைத்திருக்கிறது: கெடுதல் வரும் என்ற எதிர்பார்ப்பே கொண்டுவரும் கெடுதல். கோவிட் தடுப்பூசிச் சோதனைகள் பன்னிரண்டைத் தொகுத்துப் பார்த்த 2022ஆம் ஆண்டு ஆய்வில், முதல் ஊசியாக மருந்தே இல்லாத போலி ஊசி போட்டுக்கொண்டவர்களில் 35 சதவீதமானவர்கள் தலைவலி, களைப்பு போன்ற விளைவுகளைச் சொன்னார்கள். நம் நாட்டிலும் 2012 நவம்பரில், சில நாட்களுக்குள் 15 பாடசாலைகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் வாந்தி, தலைச்சுற்று, தோல் தடிப்பு என்று வைத்தியசாலைகளுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். பயம் பிள்ளையிலிருந்து பிள்ளைக்குத் தொற்றியதே அதன் காரணமாகக் கருதப்பட்டது. அந்தப் பிள்ளைகள் நடிக்கவில்லை.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். இந்தப் பழமொழி அரண்டவனைத்தான் பார்க்கிறது, அவனை அரட்டியவரைப் பார்ப்பதில்லை. இந்த விஷயத்தில் நம் மொழிக்கும் பங்கு உண்டு. "கதிர்வீச்சு" என்ற சொல் சாதாரணத் தமிழ் வாசகருக்கு எந்த வழியாக வந்து சேர்ந்தது? ஹிரோஷிமா வழியாக, செர்னோபில் வழியாக, கூடங்குளம் வழியாக, மஹரகம புற்றுநோய் வைத்தியசாலையில் உறவினருக்குக் கொடுத்த சிகிச்சை வழியாக. அணுக்கதிருக்கும் எக்ஸ் கதிருக்கும் அணுவிலிருந்து எலக்ட்ரோனைப் பிய்த்தெறியும் பலம் உண்டு. உயிரணுவின் மரபுப்பொருளை அது உடைக்கும். தொலைபேசி அலைக்கு அந்தப் பலம் இல்லை. கண்ணுக்குத் தெரிகிற சாதாரண வெளிச்சத்தின் ஒரு துகளில் உள்ள சக்தி, 900 மெகாஹேர்ட்ஸ் அலையின் ஒரு துகளில் உள்ளதைப் போல ஏறத்தாழ ஐந்து இலட்சம் மடங்கு. ஆனாலும் இரண்டுக்கும் ஒரே சொல்லைப் போட்டுவிட்டோம். இந்த அலைக்கு நம்மிடம் வேறு பெயரும் இருந்தது: வானொலி அலை. இலங்கை வானொலியின் பாட்டைத் தேநீர்க்கடைக்கும் லயன் அறைக்கும் கொண்டுவந்து சேர்த்தது இதே குடும்பத்து அலைதான். எஃப்எம் வானொலியும் தொலைக்காட்சியும் பயன்படுத்தும் அலையின் நீளம் மனித உடலின் உயரத்தோடு நன்றாகப் பொருந்துவதால், அதே அளவு செறிவில் வந்தால் கோபுர அலையைவிட ஐந்து மடங்கு வரை உடல் அதைக் கூடுதலாக உள்வாங்கும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஆனால் ஹந்தானையிலிருந்து பல ஆண்டுகளாக வரும் பாட்டால் தலை வலிக்கிறது என்று யாரும் சொன்னதில்லை. "வானொலிக் கதிர்வீச்சு" என்று ஒரு தொடர் நம் பேச்சில் உருவாகவே இல்லை. உடல் உள்வாங்கிய அளவைவிட, சூட்டிய பெயர் பெரிய வேறுபாட்டைச் செய்திருக்கிறது.

பயமுறுத்தும் நோக்கத்தோடு சொல்லும் எச்சரிக்கையைக் கண்டிப்பது சுலபம். கடினமான பகுதி, நல்ல மனதோடு, பொறுப்புள்ள அரசுகள் சொல்லும் எச்சரிக்கை. "ஆபத்து நிரூபிக்கப்படவில்லை, ஆனாலும் முன்னெச்சரிக்கையாக இதைச் செய்கிறோம்" என்று சொன்னால் மக்கள் மனம் ஆறுதல் அடையும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். பீட்டர் வீடெமன், ஹோல்கர் ஷூட்ஸ் ஆகிய இருவரும் ஆஸ்திரியாவின் இன்ஸ்புரூக் பல்கலைக்கழக மாணவர்களிடம் இதைச் சோதித்து 2005இல் வெளியிட்டார்கள். அடிப்படைத் தகவலை எல்லோருக்கும் கொடுத்தார்கள். சிலருக்கு மட்டும் அரசு எடுக்கும் முன்னெச்சரிக்கை நடவடிக்கைகளையும் சேர்த்துச் சொன்னார்கள். முன்னெச்சரிக்கையைக் கேட்டவர்களிடம் பயம் குறையவில்லை, கூடியது. நம்பிக்கையும் வளரவில்லை. ஒன்றுமில்லாமலா இவ்வளவு ஏற்பாடு என்று மனம் கேட்கிறது. அப்படிக் கேட்பது அறிவுக்குறைவும் இல்லை. இந்தியா இதைப் பெரிய அளவில் செய்து பார்த்தது. 2012 செப்டெம்பர் 1 முதல் கோபுர அலைக்கான வரம்பைச் சர்வதேச அளவின் பத்தில் ஒன்றாகக் குறைத்தது. 900 மெகாஹேர்ட்ஸில் 4.5 வாட், 0.45 வாட் ஆயிற்று. அதே ஆண்டு நவம்பரில் ராஜஸ்தான் உயர் நீதிமன்றம் பாடசாலைகள், மருத்துவமனைகளின் அருகிலிருந்து கோபுரங்களை அகற்ற உத்தரவிட்டது. 2017இல் குவாலியரில் ஒருவரின் புற்றுநோய் முறைப்பாட்டின் பேரில் உச்ச நீதிமன்றம் ஒரு கோபுரத்தை நிறுத்தச் சொன்னது. வரம்பைக் குறைத்ததால்தான் இவை வந்தன என்று நிறுவ முடியாது. ஆனால் வரம்பு இறங்கினால் பயமும் கூடவே இறங்கும் என்ற கணக்குப் பலிக்கவில்லை என்பது வெளிப்படை. யாழ்ப்பாணத்தில் 2019இல் மாநகர எல்லைக்குள் ஸ்மார்ட் விளக்குக் கம்பங்கள் நட்டபோது, அவை 5ஜி கதிர்வீச்சுக் கோபுரங்கள் என்ற அச்சத்தில் மக்கள் வீதிக்கு வந்தார்கள். அந்த நேரத்தில் இலங்கையில் 5ஜி பரீட்சார்த்த அளவைத் தாண்டியிருக்கவில்லை. அங்கே மக்களைச் சுட்டது அலையும் இல்லை, கம்பமும் இல்லை. தம் தெருவில் என்ன நடுகிறார்கள் என்பதை நட்ட பிறகு தெரிந்துகொண்டதே சுட்டது.

இந்த வாதத்துக்கு எதிராகச் சொல்லப்படுபவற்றில் வலுவானது புகையிலை. புகையிலை நிறுவனங்களும் ஒருகாலத்தில் "நிரூபிக்கப்படவில்லை" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தன; தொலைத்தொடர்பு நிறுவனங்களை மட்டும் ஏன் நம்ப வேண்டும்? நம்பவேண்டியதில்லை. மேலே சொன்ன எந்த முடிவும் நிறுவனத்தின் வாக்கை நம்பி நிற்கவில்லை. யாருக்கும் தெரியாமல் அலையைப் போட்டும் அணைத்தும் பார்த்த சோதனைகளில் நிற்கிறது. புகையிலையின் கதையும் நேர் எதிரானது: ஆய்வு பெருகப் பெருக அங்கே ஆபத்தின் உருவம் தெளிந்தது, இங்கே மங்கியது. இன்னொரு எதிர்வாதம், 2011இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் வானொலி அலைகளை 2பி பிரிவில், "புற்றுநோய்க்குக் காரணமாக இருக்கக்கூடும்" என்ற பட்டியலில் சேர்த்தது. சேர்த்தது உண்மை. அந்தப் பட்டியல் ஆபத்தின் அளவைச் சொல்வதில்லை, ஆதாரத்தின் வலிமையைச் சொல்கிறது. 2பி என்பது "சந்தேகம் முற்றாகத் தீரவில்லை" என்ற குறிப்பு. கற்றாழை முழு இலையின் சாறும் அதே பிரிவில்தான் இருக்கிறது. அந்தச் சந்தேகமும் கைத்தொலைபேசியைக் காதில் வைத்துப் பேசுவோரைப் பற்றிய ஆய்வுகளிலிருந்து முக்கியமாக எழுந்தது. உலக சுகாதார நிறுவனம் கேட்டுக்கொண்டதன் பேரில் அவுஸ்திரேலியாவின் கென் கரிபிடிஸ் குழு 1994 முதல் 2022 வரையிலான 63 ஆய்வுகளைப் பரிசீலித்து 2024இல் வெளியிட்ட அறிக்கையில், கைத்தொலைபேசிக்கும் மூளைப் புற்றுநோய்க்கும் தொடர்பு காணப்படவில்லை. பத்தாண்டுக்கு மேல் பயன்படுத்தியவர்களிடமும் காணப்படவில்லை. ஆய்வு தொடரத்தான் வேண்டும். ஆனால் நாற்பது ஆண்டுக்குப் பின் என்ன ஆகும் என்ற கேள்வியும், இன்றிரவு ஏன் தூக்கம் வரவில்லை என்ற கேள்வியும் வேறு வேறு. முதற் கேள்விக்கு முடிந்த முடிவு இல்லை என்பதைக் காட்டி இரண்டாவதுக்குக் கோபுரத்தைக் கைகாட்டுவது நேர்மையான வாதம் ஆகாது.

"பயத்தைப் பரப்புவதும் கெடுதல் என்றால், மக்களிடம் ஒன்றும் சொல்லாமல் மறைக்கச் சொல்கிறீர்களா?" இந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. மறைப்பு எல்லாவற்றிலும் மோசம். யாழ்ப்பாணம் அதற்குச் சாட்சி. எச்சரிக்கையும் உடலில் இறங்கும் ஒரு பொருள், அதற்கும் அளவும் பக்கவிளைவும் உண்டு, ஆகவே கோபுரம் நடுபவரிடம் ஆதாரம் கேட்பது போல எச்சரிப்பவரிடமும் கேட்க வேண்டும் என்பதே நான் சொல்வது. அறிவு நோவைக் குறைக்கவும் செய்கிறது. காற்றாலையின் ஒலி பற்றி நியூசிலாந்தில் ஃபியோனா கிரைக்டன் நடத்திய சோதனைகளில், பயமுறுத்தும் தகவலைக் கேட்டவர்களுக்குத் தொல்லைகள் வந்தன; நொசீபோ என்றால் என்ன என்பதை விளக்கிச் சொன்னதும் அவை குறைந்தன. பிரித்தானியாவில் கொலஸ்ட்ரோல் மாத்திரையை ஒத்துக்கொள்ளாமல் நிறுத்திவிட்ட 60 பேருக்கு, ஒரு மாதம் மருந்து, ஒரு மாதம் போலி மாத்திரை, ஒரு மாதம் ஒன்றுமில்லை என்று மாற்றி மாற்றிக் கொடுத்தார்கள். மருந்து தந்த தொல்லையில் 90 சதவீதத்தைப் போலி மாத்திரையும் தந்தது. இதை அவரவர் குறிப்பிலிருந்தே எடுத்துக் காட்டியபின் பாதிப் பேர் மருந்துக்குத் திரும்பினார்கள். "உனக்கு ஒன்றுமில்லை, போ" என்ற பேச்சால் அவர்கள் திரும்பவில்லை. உன் நோவு உண்மை, அதன் வழி இது என்று ஒருவர் உட்கார்ந்து காட்டியதால் திரும்பினார்கள். இலங்கையிலும் பேராசிரியர் அத்துல சுமதிபாலவின் குழு, பரிசோதனைகளில் காரணம் பிடிபடாத உடல் தொல்லைகளோடு மீண்டும் மீண்டும் வைத்தியசாலைக்கு வந்த 150 பேரிடம் நடத்தி 2008இல் வெளியிட்ட ஆய்வில், உளவியல் சிகிச்சை பெற்றவர்களும், ஒழுங்காக நேரம் ஒதுக்கிக் கவனமாகக் கேட்கும் பராமரிப்பு மட்டும் பெற்றவர்களும் ஏறத்தாழ ஒரே அளவில் தேறினார்கள். சனம் நெருக்கியடிக்கும் வெளிநோயாளர் பிரிவில் மூன்று நிமிடத்தில் தலைவலி மாத்திரை எழுதிக் கொடுக்கும் வைத்தியரைக் குறை சொல்ல வரவில்லை. ஆனால் அந்த மூன்று நிமிடத்தில் கிடைக்காத விளக்கத்தை வட்ஸ்அப் ஒலிப்பதிவு கொடுத்துவிடுகிறது.

தவறான எச்சரிக்கைக்கு இன்னொரு விலையும் இருக்கிறது: கண்ணை அது வேறு பக்கம் திருப்பிவிடுகிறது. கண்டியைக் கோபுரங்கள் நிறைந்த ஊராக்கிய அதே கிண்ண வடிவம்தான் அதைப் புகை தேங்கும் ஊராகவும் ஆக்கியது. காற்று கலையாத காலை நேரத்தில் வாகனப் புகை வெளியேற வழியின்றி அடியிலேயே கிடக்கிறது. கண்டியின் காற்று கொழும்பின் காற்றைவிட மோசமாகும் நேரங்கள் உண்டு என்று பேராதனைப் பல்கலைக்கழக வேதியியல் பேராசிரியர் ஒலிவர் இலேபெரும நீண்டகாலமாகச் சொல்லிவந்திருக்கிறார். மணிக்கூட்டுக் கோபுரத்தைச் சுற்றி எஞ்சினை அணைக்காமல் நிற்கும் பஸ்களுக்கு நடுவே தினமும் அரை மணிநேரம் காத்திருக்கும் ஒருவருக்கு மாலையில் தலை வலித்தால், மலையிலுள்ள கோபுரத்தைச் சந்தேகிப்பதற்கு முன் நெஞ்சுக்குள் போன புகையைச் சந்தேகிப்பது நியாயம். புகை ஜன்னலுக்கு நேரே சிவப்பு விளக்கோடு நிற்பதில்லை, அதனால் தப்பித்துக்கொள்கிறது. கோபுரத்தை எதிர்ப்பதிலேயே ஒரு முரணும் இருக்கிறது. கோபுரம் தூரப் போனால் கையிலுள்ள தொலைபேசி அதை எட்டுவதற்காகத் தன் சக்தியைக் கூட்டுகிறது. பழைய 2ஜி தொலைபேசி 900 மெகாஹேர்ட்ஸில் உச்சமாக 2 வாட் வரை போகும். தெல்தோட்டைப் பக்கம் தேயிலைச் சரிவின் மடிப்புக்குள் இருக்கிற ஒரு லயன் அறையில், ஒற்றைக் கோட்டுச் சிக்னலைப் பிடித்து, வெளிநாட்டில் வேலை செய்யும் மகளோடு காதில் ஒட்டிவைத்துப் பேசும் தாய்க்கு, கண்டி ஜன்னலின் நேரே கோபுரம் இருப்பவரைவிடப் பலமடங்கு அலை தலைக்குள் போகிறது. அதுவும் வரம்புக்குள்தான். ஆனால் குறைக்கவேண்டும் என்றால் வழி, கோபுரத்தை விரட்டுவது இல்லை, கிட்ட வைப்பதுதான்.

கோபுரங்களைப் பற்றிக் கேட்கவேண்டிய கேள்விகள் மலைநாட்டில் நிறைய உண்டு. மண் சரியும் சரிவில் அத்திவாரம் எப்படிப் போட்டார்கள், இடிமின்னலுக்கு நிலத்தொடர்பு ஒழுங்காக இருக்கிறதா, இரவு முழுக்க ஓடும் டீசல் ஜெனரேட்டரின் சத்தமும் புகையும் யார் வீட்டுக்குள் போகின்றன. இவற்றுக்கு ஆவணமும் அளவும் உண்டு, கேட்டால் பதில் சொல்லவேண்டிய அதிகாரிகளும் உண்டு. கதிர்வீச்சுப் பயம் முன்னால் வந்து நின்றால் இவை பின்வரிசைக்குப் போய்விடுகின்றன. நிறுவனம் ஒரு சான்றிதழைக் காட்டிவிட்டு மற்ற எல்லாவற்றிலிருந்தும் கழன்றுகொள்கிறது. நெதர்லாந்து ஆய்வு சொன்னதை இங்கே நினைவுபடுத்திக்கொள்ளலாம். தன் சூழலில் தனக்குப் பிடி இல்லை என்று உணர்ந்தவர்கள்தாம் அதிகம் நொந்தார்கள். இந்தியா 2017இல் தொடங்கிய தரங் சஞ்சார் என்ற இணையத்தளத்தில் தன் வீட்டருகே எந்தக் கோபுரம் இருக்கிறது, வரம்புக்குள் இருக்கிறதா என்று யாரும் பார்க்கலாம்; வேண்டுமானால் கட்டணம் கட்டி வீட்டிலேயே அளக்கச் சொல்லலாம். வரம்பைப் பத்தில் ஒன்றாக்கியதைவிட இது நல்ல வேலை என்பது என் கணிப்பு. கண்டியிலும் ஒவ்வொரு கோபுரத்தின் வேலியிலும் மண்டையோட்டுப் படத்துக்கும் "அபாயம்" என்ற ஒற்றைச் சொல்லுக்கும் பதிலாக, சிங்களத்திலும் தமிழிலும் ஒரு பலகை இருக்கலாம். இந்த வேலிக்கு உள்ளே, ஆன்டெனாவுக்கு நேர் முன்னால் ஏறி நிற்பது ஆபத்து. வேலிக்கு வெளியே, எதிர்ச்சரிவின் கடைசி வீட்டில், இந்தத் திகதியில் அளந்தது இவ்வளவு மில்லிவாட், வரம்பு இவ்வளவு. அளந்தவர் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவின் இன்ன அலுவலர். உங்கள் வீட்டிலும் அளக்கவேண்டுமா, இந்த இலக்கத்துக்குச் சொல்லுங்கள், வருகிறோம். வந்து, அந்தப் படுக்கையறை ஜன்னலைத் திறந்து, வீட்டுக்காரரின் கையிலேயே கருவியைக் கொடுத்து, அதில் ஓடும் எண்ணை அவரையே வாசிக்கவிட வேண்டும்.